படிவம் 2 (இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு) பையனுக்கு எச்சரிக்கைக் கடிதம், வழி சொல்லுங்கள்

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. நாங்கள் பினாங்கு, பிறையில் இருக்கிறோம். நேற்று மகனின் பள்ளிக் காலணியைக் கழுவ எடுத்தேன். உள்ளே நான்காக மடித்த கடிதம்: பொந்தேங் அடித்ததற்கு, அதாவது வகுப்புக்கு மட்டம் போட்டதற்கு, முதல் எச்சரிக்கை!

தமிழ்ப்பள்ளியில் வகுப்புத் தலைவனாக இருந்தவன். இடைநிலைப்பள்ளியில் வரலாறு, புவியியல் எல்லாம் மலாயில். புரியாமல் பின்வரிசைக்குப் போனான், அப்புறம் வகுப்புக்கே போவதில்லை. திமிர் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு போடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் அவன் அப்பா. பள்ளியிலேயே 1959 கட்டொழுங்கு விதிப்படி தலைமையாசிரியரோ அவர் அனுமதித்தவரோதான் பிரம்பெடுக்கலாம். வீட்டில் யார் கேட்பது?

திங்கட்கிழமை பள்ளிக்குப் போகிறேன். முதலில் கட்டொழுங்கு ஆசிரியரைப் பார்ப்பதா, ஆலோசக ஆசிரியரையா? பட்டர்வொர்த் பக்கம் நல்ல மலாய் டியூஷன் இருந்தாலும் சொல்லுங்கள்.