இங்கிலாந்து சின்ன டவுன்: தெருவோட பாதுகாப்பை எப்படிப் பார்க்கிறது?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
மகளுக்கு அங்கே நர்ஸ் வேலை. வாடகை வீடு பிடிக்குமுன்னே தெருவில் திருட்டு, அடிதடி எப்படின்னு இங்கிருந்தே பார்க்கலாமா?

வாளையார்:
பார்க்கலாங்க அக்கா. போலீஸ்.யூகே தளத்தில் போஸ்ட்கோடு போடுங்க, மாசவாரியா மேப்பில் வரும். புள்ளி துல்லியமில்லை, அக்கம்பக்கம்னு எடுத்துக்கங்க. கடைவீதியில் கடைத்திருட்டும் குடிச்சண்டையும் சேர்ந்து எண்ணிக்கை எகிறும். பயப்படாம, வீட்டுத்திருட்டை மட்டும் 12 மாசத்துக்குப் பாருங்க. ஸ்காட்லாந்து அதில் இல்லை.

சித்தூர்:
அங்கே பல வீட்டில் பிளாஸ்டிக் கதவு. சும்மா சாத்தினாப் பத்தாது. கைப்பிடியை மேலே தூக்கிச் சாவியைத் திருப்பினாத்தான் கொக்கியெல்லாம் மாட்டும். தங்கத்தை இங்கேயே லாக்கரில் வைங்க. இந்தியர் வீடுன்னா நகை இருக்கும்னு குறிவைக்கிறாங்க.

வாளையார்:
அவசரத்துக்கு 999, மத்ததுக்கு 101. பேச முடியாட்டி மொபைலில் 999 அடிச்சு, எதிர்முனைக் குரல் சொல்லும்போது 55 அழுத்தணும். அதை வச்சு இடம் தெரியாது, மகளை முகவரியை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க.