ஸ்னோமொபைல் ஐஸ் ஸ்க்ராச்சர்: கேபிளா, கம்பியா?

கேள்வி: ஒன்டாரியோ ஹாலிபர்ட்டன் பக்கம் ட்ரெயில் முழுக்க கண்ணாடி மாதிரி ஐஸ், என்ர ஸ்னோமொபைல் (பனியில ஓடுற வண்டி) கொஞ்சத் தூரம் ஓட முதலே டெம்பரேச்சர் லைட் எரியுது. ஐஸைச் சுரண்டிப் பனித்தூள் கிளப்புற ஸ்க்ராச்சர் போடச் சொல்லுறாங்கள். கேபிளோ, ஸ்ப்ரிங் ஸ்டீல் கம்பியோ நல்லது?

பதில் 1: லிக்விட் கூல்ட் (கூலண்ட் திரவத்தால எஞ்சினை ஆத்திற வண்டி) எண்டா கட்டாயம் போடுங்கோ தம்பி. டனலுக்குள்ள, அதாவது ட்ராக் எண்ட ரப்பர் பட்டிக்கு மேல இருக்கிற கூட்டுக்குள்ள, இருக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரில பனித்தூள் பட்டாத்தான் கூலண்ட் ஆறும், வெறும் ஐஸில ட்ராக் எதை அள்ளி எறியிறது? ட்ராக் வழுக்கி ஓடுற ஸ்லைட் ரெயிலுக்கு அடியில இருக்கிற ஹைஃபாக்ஸ் பிளாஸ்டிக்குக்கும் அந்தப் பனிதான் எண்ணெய் மாதிரி, இல்லாட்டி சூடேறி உருகிப்போடும்.

பதில் 2: நான் முதல்ல கம்பிதான் போட்டனான், இறக்கி விட்டதை மறந்து ரிவர்ஸ் எடுத்து ஒண்டு முறிஞ்சு போச்சு 😭 இப்ப கேபிள், பின்னுக்குப் போனாலும் வளைஞ்சு குடுக்குது.

பதில் 3: ஸ்க்ராச்சர் பூட்ட ரெயிலில ஓட்டை போட முதல், அது சஸ்பென்ஷன் அமுங்கேக்க ட்ராக்கில முட்டுமோ எண்டு பாருங்கோ. புதுப்பனி எண்டா தூக்கிக் கொளுவிடுங்கோ. ரோட்டைக் கடக்கேக்கையும்தான், தார் ஸ்க்ராச்சரின்ர கார்பைட் (கடினமான உலோகம்) நுனியைத் தின்னும்.

கேட்டவர்: நன்றி அண்ணை. மனுசின்ர வண்டி ஃபேன் கூல்ட் (காத்தால ஆறுற எஞ்சின்), அதுக்கும் வேணுமோ?

பதில் 1: எஞ்சினுக்குத் தேவையில்ல, ஹைஃபாக்ஸுக்கு வேணும்.