நிதானமாக ஓடும்போதும் கைக்கடிகாரம் இதயத் துடிப்பை 170 என்றே காட்டுகிறது: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 42. கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையில் நிதானமாக ஓடுவது வழக்கம். ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு 170-ஐத் தொட்டுவிடுகிறது. அதன்பின் ஓட்டம் முடியும்வரை 168-க்கும் 172-க்கும் இடையிலேயே நிற்கிறது. ஆனால் உடன் ஓடும் நண்பரிடம் மூச்சிரைக்காமல் பேசிக்கொண்டே வர முடிகிறது. உட்கார்ந்திருக்கும்போது அதே கடிகாரம் 64 என்கிறது. விரல் வைத்து நாடியை எண்ணினாலும் அதுவே வருகிறது. மென்பொருளைப் புதுப்பித்தும் பயனில்லை. சென்சார் பழுதாகிவிட்டதா?

மறுமொழி 1:
ஓய்வில் சரியாகக் காட்டுவதால் சென்சார் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஓட்டப் பதிவில் நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தீர்கள் என்ற விவரம் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
சராசரி 170 அடி என்று இருக்கிறது.

மறுமொழி 1:
அப்படியானால் கடிகாரம் காட்டுவது பெரும்பாலும் உங்கள் காலடியின் எண்ணிக்கையைத்தான். கடிகாரத்தின் அடியிலுள்ள பச்சை விளக்கின் ஒளியை இரத்தம் உறிஞ்சிக்கொள்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்பக் குறைந்து கூடுகிறது. ஓடும்போது கை வீச்சாலும் பாதம் தரையில் மோதும் அதிர்வாலும் கடிகாரம் தோலின்மேல் அசைந்து, அதே ஒளியில் இன்னொரு தாளத்தை உண்டாக்குகிறது. இந்த அசைவைக் கழிப்பதற்கென்றே உள்ளே முடுக்கமானி (அசைவை அளக்கும் சென்சார்) இருந்தாலும், அடியின் தாளம் நாடியைவிட வலுவாக இருக்கும்போது கணக்கு அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும்.

உறுதி செய்ய ஒரு வழி உண்டு. வேகத்தை மாற்றாமல், அடிகளைக் குறுக்கி, இரண்டு நிமிடம் 180 அடி வீதம் ஓடிப் பாருங்கள். துடிப்பும் கூடவே 180-க்கு ஏறினால் ஐயமே வேண்டாம். பிறகு நின்றவுடன் கழுத்து நாடியை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்றபின் துடிப்பு விரைவில் இறங்கிவிடும் என்பதால் தாமதிக்கக் கூடாது.

மறுமொழி 2:
பட்டையையும் கவனியுங்கள். மணிக்கட்டு எலும்பின்மேல் படாமல், ஒரு விரல் அகலமாவது மேலே தள்ளி, ஓடும்போது மட்டும் ஒரு துளை கூடுதலாக இறுக்கிக் கட்டுங்கள். தோலில் தடம் பதிவது சரி, கை மரத்துப்போகக் கூடாது. குளிர்ந்த காலையில் தோலுக்கு வரும் இரத்தம் குறைவதால் தொடக்கத்தில் தவறு அதிகம். வீட்டிலேயே உடலைச் சற்றுச் சூடேற்றிக்கொண்டு கிளம்புவது உதவும்.

மறுமொழி 3:
எல்லாவற்றையும் கடிகாரத்தின்மேல் போட்டுவிட வேண்டாம். கையால் எண்ணும்போதும் துடிப்பு அவ்வளவு உயர்ந்திருந்தாலோ, படபடப்பு, தலைசுற்றல், மார்பில் இறுக்கம் இருந்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மறுமொழி 3 சொன்ன தொந்தரவுகள் எதுவும் இல்லை. அடிகளைக் கூட்டியதும் எண்ணும் 180-க்குப் போனது. கையால் எண்ணியபோது 140 வந்தது. பட்டையை மேலே ஏற்றிக் கட்டியபின் நிதான ஓட்டத்தில் கடிகாரமும் ஏறக்குறைய அதையே காட்டுகிறது. ஆனால் ஒரு நிமிட விரைவோட்டங்களில், நான் நின்று இளைப்பாறும்போதுதான் எண் உச்சத்துக்கு வருகிறது. இதற்கும் வழி உண்டா?

மறுமொழி 1:
மணிக்கட்டுக் கடிகாரத்தில் அதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. அசைவைக் கழித்துச் சராசரி எடுப்பதால் திடீர் ஏற்ற இறக்கங்களில் அது பின்தங்கும். விரைவோட்டங்களுக்கு மார்புப் பட்டையே பொருத்தம், ஏனெனில் அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்னலைகளையே பிடிக்கிறது. உங்கள் கடிகாரத்துடன் புளூடூத்தில் இணையுமா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மார்புப் பட்டையில் தோலைத் தொடும் மின்முனைப் பகுதியைத் தண்ணீரால் நனைத்துக் கட்டுங்கள். உலர்ந்திருந்தால் வியர்க்கும்வரை அதுவும் தாறுமாறாகக் காட்டும். ஓடி முடித்ததும் உப்பு போக அலசிக் காயவைத்தால் நெடுநாள் உழைக்கும்.