பஜ்ஜி கடை பாமாயிலுக்கும் மழைக்காட்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

மஞ்சக்குப்பம் செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல சாயங்காலம் பஜ்ஜி போண்டா போடறேன், பதினோரு வருஷமா. லீவுக்கு வந்த பையன், நான் பாமாயில் பாக்கெட்ட வெட்டி வாணலியில ஊத்தறத பாத்துட்டு, அம்மா இந்த எண்ணெய்க்காகத்தான் இந்தோனேசியாவுல மழைக்காட்டை அழிக்கிறாங்க, ஒராங்குட்டான்னு அங்க இருக்கற மனுஷக்குரங்கு எல்லாம் சாவுதுன்னு சொல்லிட்டான். ராத்திரி தூக்கமே வரல. ஆனா ஒன்னு புரியல, வெட்டின எடத்துல எண்ணெய்ப்பனைன்னு மரம்தானே வெக்கிறாங்க, அதுவும் பச்சையாதானே நிக்குது, அப்புறம் எப்படி காடு போச்சுன்னு சொல்றாங்க? அங்க வெட்டினா கடலூர்ல இருக்கற நமக்கு என்ன ஆகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கடலை எண்ணெய்க்கு மாறினா பஜ்ஜி விலைய ஏத்தணும், அதான் யோசனை.

பண்ருட்டிக்காரன்:
அக்கா, மரம் இருந்தா காடுன்னு நானும் நெனச்சிட்டிருந்தேன். எங்க முந்திரிக்கொல்லை 2011 டிசம்பர் 30 வந்த ‘தானே’ங்கற புயல்ல மொத்தமா சாஞ்சுபோச்சு, திரும்ப ஒட்டுக்கன்னு வெச்சு இப்ப நல்லா காய்க்குது, தூரத்துல இருந்து பாத்தா பச்சைப்பசேல்னு இருக்கும். உள்ள வந்தா கீழ காஞ்ச சருகு மட்டும்தான், ஒரு செடி இருக்காது, கொட்டை பொறுக்கணும்னு நாங்களே கூட்டி சுத்தமா வெச்சிருப்போம். அதே புதுச்சேரியில இருந்து மரக்காணம் போற வழியில புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கே, அதுக்குள்ள ஒரு தடவை போய் நில்லுங்க. காசான், பாலை, களா, மேல கொடி பின்னிக்கிட்டு வெயிலே தரைக்கு வராது, சருகை காலால தள்ளினா அடியில ஈரம், மரவட்டை ஓடும். இத்தனைக்கும் அது மழைக்காடே கிடையாது, நம்ம கடலோரத்து வறண்ட பசுமைமாறாக் காடு, அதாவது மழை கொறைவா இருந்தாலும் வருஷம் பூரா பச்சையா நிக்கற காடு. இந்தோனேசியா பக்கம் இருக்கற போர்னியோ தீவு மழைக்காட்டுல ரெண்டரை ஏக்கருக்குள்ளயே நூத்துக்கு மேல மர வகை இருக்கும். உலகத்துல தரையில வாழற உயிர் வகையில பாதிக்கு மேல மழைக்காட்டுலதான் இருக்கு. அத்தனையும் வெட்டிட்டு ஒரே மரத்தை வரிசையா வெச்சா பழம் தின்னு வாழற ஒராங்குட்டான் எங்க போகும்? போர்னியோ, சுமத்ரா ரெண்டு தீவை விட்டா அதுக்கு வேற காடு கிடையாது.

புதுவை வாசகி:
பண்ருட்டி அண்ணன் சொன்னது சரி, நான் மண்ணைப் பத்தி சொல்றேன், எனக்கு அதுதான் ரொம்ப வயித்தெரிச்சல். இந்தோனேசியாவுல நெறைய காடு சதுப்புக் காடு. செத்த மரமும் இலையும் தண்ணியில முழுசா மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்து, சில எடத்துல 10 மீட்டருக்கு மேல கனமா கெடக்கு, பீட் மண்ணுன்னு பேரு. அப்படியே புதைஞ்சு லட்சக்கணக்கான வருஷம் போனா நம்ம நெய்வேலி பழுப்பு நிலக்கரி மாதிரி ஆகிடும், அப்ப அதுல எவ்வளவு கார்பன் இருக்கும்னு பாருங்க. எண்ணெய்ப்பனை வெக்கறதுக்கு வாய்க்கால் வெட்டி அந்த தண்ணிய வடிச்சிடறாங்க, மண்ணு காயுது, காஞ்சதுல தீ பிடிச்சா தரைக்கு அடியிலயே வாரக்கணக்கா புகைஞ்சுகிட்டிருக்கும். 1997லயும் 2015லயும் அந்தப் புகை சிங்கப்பூர், மலேசியா வரைக்கும் மூடிச்சு.
நமக்கு என்னன்னு கேட்டீங்கல்ல செல்விம்மா, அந்த கார்பன் கரியமில வாயுவா எல்லாருக்கும் பொதுவான காத்துலதான் கலக்குது, அது சூட்டை வெளிய விடாம பிடிச்சு வெச்சு பூமியையே சூடாக்குது. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், கொட்டும்போது அதையும் சேர்த்துதான் கொட்டும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் ஒரே நாள்ல புதுச்சேரியில 48 செ.மீ. கொட்டினப்ப எங்க வீட்டு கூடத்துல முழங்கால் தண்ணி, அரிசி மூட்டைய கட்டில் மேல ஏத்தி வெச்சுட்டு விடிய விடிய உக்காந்திருந்தோம். ஒரு புயலை ஒரு காட்டோட நேரா முடிச்சு போட்டு சொல்லக்கூடாதுதான், ஆனா சூடு ஏற ஏற இந்த மாதிரி பேய்மழை கூடும்.

கெடிலக்கரை:
ஒரு விஷயம் அக்கா, அவசரப்பட்டு பாமாயிலே பாவம்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு ஏக்கர்ல எண்ணெய்ப்பனை குடுக்கற எண்ணெய் சோயாவை விட பல மடங்கு, எல்லாரும் சோயாவுக்கு மாறினா இன்னும் அதிக நிலம் வேணும், அமேசான் பக்கம் காடு போறதுக்கு மாட்டுக்கு மேய்ச்சல் நிலம்தான் முதல் காரணம்னாலும் சோயாவும் ஒரு காரணம். கோளாறு எங்கன்னா, காட்டை எரிச்சு புதுசா தோட்டம் போடறதுல. உலகத்துலயே பாமாயில் அதிகமா எறக்குமதி பண்றது நம்ம நாடுதான், ரேஷன் கடையில வரைக்கும் வருது, அதனால காடு அழிக்காத தோட்டத்து எண்ணெயா பாத்து வாங்கறோமான்னு அரசாங்கத்தையும் கம்பெனிகளையும் நாம கேக்கணும், உங்க ஒரு வாணலி மேல அத்தனை பாரத்தையும் ஏத்திக்காதீங்க.

மஞ்சக்குப்பம் செல்வி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிப்பா. பையன்கிட்ட படிச்சுக் காட்டினேன், ஞாயித்துக்கிழமை புத்துப்பட்டு கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான். இப்போதைக்கு பாதி நாள் செக்கு கடலை எண்ணெயில போட்டுப் பாக்கறேன், வாடிக்கைக்காரங்க ஒரு ரூபா கூட குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வந்து சொல்றேன். கெடிலக்கரை தம்பி, எந்த தோட்டத்து எண்ணெய்னு பாக்கெட்டுல எங்க போட்டிருப்பாங்க? ரெண்டு பாக்கெட்ட திருப்பித் திருப்பி பாத்துட்டேன், எனக்கு ஒன்னும் கண்ணுல படல.