முட்டைய விட்டும் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) இறங்கல, உங்க அனுபவத்தையும் போடுங்க

எனக்கு 34 வயசு, 61 கிலோ, ஒல்லி. போன வருஷம் ஆபீஸ் செக்கப்ல எல்டிஎல் 218. லேப்ல தப்பா போட்டிருப்பாங்கன்னு வேற இடத்துல எடுத்தா 221. சரின்னு முட்டை, மட்டன், நெய் எல்லாத்தையும் அடியோட நிறுத்தினேன், வீட்டுலயும் ஞாயித்துக்கிழமை கறி எடுக்கறதையே விட்டுட்டாங்க, பசங்க மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு சாம்பார் சாப்பிட்டுச்சுங்க. மூணு மாசம் கழிச்சு 203. இதுக்கா இவ்ளோ பாடு?

டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு சாக்ஸ கழட்டச் சொன்னார். குதிகாலுக்கு மேல பின்பக்கம் கயிறு மாதிரி ஓடும்ல, அது எனக்கு ரெண்டு கால்லயும் தடிச்சிருக்கும். ஷூ உரசித்தான்னு பத்து வருஷமா நெனச்சிட்டிருந்தேன், கொலஸ்ட்ரால் படிஞ்சதாம். அடுத்து "அப்பா இருக்காரா?"ன்னார். அப்பா 44 வயசுல ஹார்ட் அட்டாக்ல போனவர், பீடி சிகரெட் எதுவும் கிடையாது.

அப்புறம்தான் வெளக்குனார். நாம சாப்பிடறத விட உடம்பு தானா செய்யற கொலஸ்ட்ரால்தான் ஜாஸ்தியாம், அதுல கல்லீரல் பங்கு பெருசு. கொழுப்பு ரத்தத்துல கரையாது, அதனால புரோட்டீன் சுத்தின உருண்டைல ஏத்தி அனுப்புது, எல்டிஎல்ங்கறது அந்த உருண்டைதான். மிச்சத்த திரும்ப இழுத்துக்க கல்லீரல் செல் மேல கொக்கி மாதிரி ரிசப்டர் இருக்கு. எனக்கு அந்த கொக்கிய செய்யற ஜீன் ரெண்டுல ஒண்ணு பழுது, பாதி கொக்கிதான் வேலை செய்யுது, நான் முட்டைய விட்டு என்ன புண்ணியம்! இதக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் குடுத்தாங்க. ஸ்டாடின் மாத்திரை கல்லீரல் சொந்தமா செய்யறத அமுக்கிடும், அது பத்தலயேன்னு கல்லீரல் இருக்கற நல்ல ஜீன வச்சு கொக்கிய அதிகமா போட்டு ரத்தத்துலேந்து இழுக்கும். இப்ப 118. ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒருத்தர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகள சலிச்சுத்தான் மொத ஸ்டாடின எடுத்தாராம், பூஞ்சக்காளான் வாழ்க.

பதில் 1: எங்க அம்மாவுக்கு மொத்த கொலஸ்ட்ரால் 290, வீட்டுல எல்லாரும் தேங்காய் சட்னியத்தான் திட்டினோம். கடைசில பாத்தா தைராய்டு கம்மி. தைராய்டு ஹார்மோன் கொறஞ்சா நீங்க சொன்ன அதே கொக்கியும் கொறையுமாம். தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சு நாலு மாசத்துல 205க்கு வந்துச்சு, கொலஸ்ட்ராலுக்குன்னு தனியா ஒண்ணும் குடுக்கல.

பதில் 2: என் மாமனார் "கொலஸ்ட்ரால் இல்லாதது"ன்னு போட்ட எண்ணெயா தேடித்தேடி வாங்குவார். எந்த செடியோட எண்ணெய்லயும் அது கிட்டத்தட்ட இல்லவே இல்ல மாமான்னு சொன்னா என் மேலயே கோவம். பாமாயில், தேங்காயெண்ணெய்ல கொலஸ்ட்ரால் இல்லதான், ஆனா அதுல இருக்கற சாச்சுரேட்டட் கொழுப்பு ஜாஸ்தியானா எல்டிஎல் ஏறும், அத யாரு டப்பா மேல பெருசா போடப் போறா? ஒரு டவுட்டு, எனக்கு சிம்வாஸ்டாடின் ராத்திரிதான் போடணும்னாங்க, நீங்களும் அப்படியா?

முதல்ல எழுதினவர்: எனக்கு அட்டோர்வாஸ்டாடின், அது ரொம்ப நேரம் நிக்கும், எப்ப வேணா போடலாம்னாங்க. சிம்வா சீக்கிரம் கொறஞ்சிடும், கல்லீரல் ராத்திரிலதான் ஜாஸ்தியா செய்யும்ங்கறதால அந்த டைம். அப்புறம் இந்த ஜீன் பழுது பசங்களுக்கு வர பாதிக்குப் பாதி சான்ஸுன்னதும் அவங்களுக்கும் எடுக்கச் சொன்னார். பெரியவளுக்கு 92. சின்னவன் ஊசின்னு அழுது ஓடிட்டான், சனிக்கிழமை அம்மா வழித் தாத்தாவோட அனுப்பறோம்.