துருக்கியில் அணை நீரில் மூழ்கிய பழைய ஊர் ஹசன்கெய்ஃப்: போனவர்கள் எழுதுங்கள்

நடைவண்டி:
இலிசு அணை நிரம்புவதற்கு முன்பே போனவன் நான். டைக்ரிஸ் கரையில் ஒரு டீக்கடை. எதிரே ஆற்றுக்குள் 12ஆம் நூற்றாண்டுப் பாலத்தின் தூண்கள் மொட்டையாக நின்றன. கடைக்காரர் மேலே ஒரு குகையைக் காட்டி, தான் பிறந்த வீடு அதுதான் என்றார். அப்புறம் பாறையில் ஓர் இடத்தைக் காட்டி, தண்ணீர் அதுவரை வரும் என்றார். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். அந்த உயரம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடல்காகம்:
நான் போனபோது ஊர் தண்ணீருக்குள். மேட்டில் கட்டிய புது ஊரைத்தான் பார்த்தேன். ஜெய்னல் பே சமாதியை 2017இல் பெயர்த்து எடுத்து வந்து அங்கே வைத்திருக்கிறார்கள். 1473இல் ஓட்லுக்பெலி போரில் இறந்த இளவரசன், அக் கொயுன்லு அரசர் உசுன் ஹசனின் மகன். நீலச் செங்கல் பளபளக்கிறது. ஒரு பாட்டி அதன் சுவரில் கை வைத்துக்கொண்டு, பழைய இடத்தில் ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பார்த்தால் வெறும் வண்டி நிறுத்துமிடம்.

கல்தச்சன்:
நகர்த்தியதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். சுமார் 1,100 டன் சமாதிக் கட்டடத்தை இடிக்காமல் பல சக்கர வண்டியில் ஏற்றி 2 கி.மீ. கொண்டுபோனார்கள். 1409இல் கட்டிய எல் ரிஸ்க் பள்ளிவாசல் மினாரும் இன்று மேட்டில் நிற்கிறது. விட்டிருந்தால் இரண்டும் போயிருக்கும். நான் மினார் அடியில் நின்று அரபி எழுத்துச் செதுக்கலைப் பார்த்தேன், ஒரு கோடுகூடச் சிதையவில்லை.

மழைக்குருவி:
கல்தச்சன் அண்ணா, சமாதியைத் தூக்கலாம், பாலத்தை எப்படித் தூக்குவது? ஆயிரக்கணக்கான குகைகளை? ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றுமே 2009இல் அணைக்கான கடன் உத்தரவாதத்தைத் திரும்பப் பெற்றன. அதற்குப் பிறகும் கட்டி முடித்தார்கள். நான் படகில் போனேன். கோட்டைப் பாறை மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது, என்னால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

இனிமேல் போகிறவர்களுக்கு: பட்மன் நகரம் வரை விமானம் உண்டு, அங்கிருந்து ஊர் பக்கம்தான். வெயில் காலம் வேண்டாம், ஏப்ரல் மே சரியாக இருக்கும். புது ஊரை முதலில் பார்க்காதீர்கள். பழைய படங்களை ஃபோனில் வைத்துக்கொண்டு முதலில் படகில் ஏறுங்கள், எது எங்கே இருந்தது என்று படகுக்காரரிடம் கேளுங்கள். அப்புறம் மித்யாத் என்ற ஊருக்குப் போய் ஒரு இரவு தங்குங்கள். வெள்ளிக் கம்பி வேலை செய்யும் கடைகள் அங்கே நிறைய. பக்கத்திலேயே 397இல் தொடங்கிய மோர் கப்ரியேல் கிறித்தவ மடம், இன்றும் சிரியாக் மொழியில் வழிபாடு நடக்கிறது. உள்ளே போகத் தோளும் முழங்காலும் மூடிய உடை எடுத்துப் போங்கள்.