மாவு லைனுக்கு ஈக்கோ எடுக்கலாமா?

பிரபு: மாமா, சித்தப்பா, ஒரு யோசனை சொல்லுங்க. கடை கடையாக இட்லி மாவு போடுகிற லைனுக்கு மாருதி ஈக்கோ கார்கோ வேன் ஒன்று செகண்ட்ஸில் வருகிறது. 2023 மாடல், பெட்ரோல். லிட்டருக்கு 20 கிமீ கொடுக்கும் என்கிறார் விற்கிறவர்.

கோபி சித்தப்பா: கம்பெனி போட்டிருப்பதும் 20தானே.

திருப்பூர் மாமா: அது சரிங்க மாப்பிள்ளை, ஆனால் ரோட்டில் எடுத்த கணக்கு இல்லை. உருளை மேல் வண்டியை நிறுத்தி 20 நிமிஷத்துக்குள், 11 கிமீக்கும் குறைவாக ஓட்டி எடுப்பது. வேகம் 90ஐத் தாண்டாது, ஏசி ஓடாது. கடை கடையாக நின்று போகிற மாவு வண்டிக்கு அது எப்படிப் பொருந்தும்?

சுகன்யா: அப்போ எவ்வளவு வைக்கலாம் மாமா?

திருப்பூர் மாமா: என் ஈக்கோ பனியன் பண்டலோடு டவுனுக்குள் சுற்றினால் 13, 14. அதே லோடு பைபாஸில் 60ல் சீராகப் போனால் 17, 18. பிரபு 14 என்றே வைத்துப் போடட்டும்.

பிரபு: தினம் 80 கிமீ ஓடும். 20 என்றால் 4 லிட்டர், 14 என்றால் 5.7. பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலே நாளுக்கு 170 ரூபாய் கூட வருகிறது. 26 நாளுக்கு 4,400 தாண்டுது மாமா!

சுகன்யா: டியூவுக்கு மேல் இதுவுமா? நல்லா யோசிச்சுக்கோ தம்பி.

கோபி சித்தப்பா: குட்டி யானை டீசல் பார்க்கலாமே?

திருப்பூர் மாமா: லோடு அதிகம் என்றால் அதுதான். மாவுக்கு வெயில் படக்கூடாது. அதில் மூடிய பாடி கட்டினால் எடையும் ஏறும், காற்றும் தடுக்கும், மைலேஜ் இறங்கும்.

பிரபு: சிஎன்ஜி ஈக்கோ 27 என்கிறார்களே?

திருப்பூர் மாமா: அது கிலோவுக்கு கண்ணு. ஒரு கிலோ கேஸில் ஒரு லிட்டர் பெட்ரோலை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சக்தி இருக்கிறது. அதனால் 20ஐயும் 27ஐயும் பக்கத்தில் வைக்காதே, 100 ரூபாய்க்கு எத்தனை கிமீ என்று பார். அப்புறம் கேஸ் பங்க் உன் லைனிலேயே இருக்கிறதா? சுற்றிப் போய் வரிசையில் நின்றால் மாவு புளித்துவிடும்.

கோபி சித்தப்பா: இப்போது பெட்ரோலிலும் 20 சதவீதம் எத்தனால். அதில் சக்தி பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதையும் சேர்த்துக்கொள்.

திருப்பூர் மாமா: ஆமாங்க. ஆனால் இந்த லைனில் பெட்ரோலைத் தின்பது கடை வாசல்தான். 35 கடை, கடைக்கு 3 நிமிஷம் என்றால் ஒன்றே முக்கால் மணி நேரம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் சும்மா போகும்.

கோபி சித்தப்பா: கடைக்குக் கடை அணைத்தால் பேட்டரியும் செல்ஃபும் போய்விடுமே?

திருப்பூர் மாமா: செல்ஃபுக்கு வேலை கூடும், இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பாக்கெட்டை நீட்டிவிட்டுக் கிளம்புகிற இடத்தில் அணைக்க வேண்டாம். கிரேட் இறக்கி, பழைய பாக்கெட் எண்ணி, காசு வாங்குகிற கடையில் அணைத்துவிட வேண்டியதுதான்.

பிரபு: வாங்கும் முன்னால் எப்படிப் பார்ப்பது மாமா?

திருப்பூர் மாமா: உன் கிரேட்டை ஏற்றி உன் லைனிலேயே ஒரு நாள் ஓட்டக் கேள். டேங்கை நிரப்பு, பம்ப் முதல் தடவை தானாக நின்றதும் போதும் என்று சொல். ரவுண்டாக்குகிறேன் என்று மேலே ஊற்ற விடாதே. டிரிப் மீட்டரை சைபர் பண்ணு. லைன் முடிந்ததும் அதே பங்க், அதே பம்ப், அதே மாதிரி நிரப்பு. ஓடிய கிமீயை ஊற்றிய லிட்டரால் வகு. ஒரு நாளில் அரை லிட்டர் முன்னே பின்னே வரும், வாங்கிய பிறகு மூன்று நான்கு தடவை நிரப்பியதைக் கூட்டிப் போட்டால்தான் சரியான கணக்கு.

பிரபு: பேசிட்டேன் மாமா, சரி என்கிறார். நாளைக் காலை 4 மணிக்கு எடுக்கிறேன்.

திருப்பூர் மாமா: டயர் காற்றைப் பார்த்துவிட்டு எடு. லோடு ஏற்றினால் எவ்வளவு என்று டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர் இருக்கும். காற்று குறைவாக இருந்தால் கணக்கு முழுக்கத் தப்பாக வரும்.